வாளிக் கம்பி

மதினி,

கம்பியைப் புளி போட்டுத் தேய்த்தாயிற்று, மணல் போட்டுத் தேய்த்தாயிற்று. குடிக்கிற தண்ணீரில் ஒரு சொம்பைச் செலவழித்து சோப்பில் ஊறவும் வைத்தாயிற்று. பிளாஸ்டிக் எரிந்த நாற்றம் இன்னும் போகவில்லை. மூக்கருகே கொண்டு போனால் குமட்டுகிறது. ஒரு பெயிண்ட் வாளியின் கைப்பிடிக் கம்பி இது. நடுவில் வெள்ளைப் பிளாஸ்டிக் உருகி, கறுத்து, கட்டியாக ஒட்டியிருந்தது. அடுப்பங்கரை ஆணியில் மூன்று வருஷமாகத் தொங்கியது. மாட்டியது நீங்கள். அதைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தை சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. ஒன்பது நாளுக்கு முன்புதான் கழற்றி எடுத்தேன். ஏன் எடுத்தேன் என்று உங்களிடம்தான் சொல்ல வேண்டும்.

பங்குனி பிறந்துவிட்டது. டாலா முழுக்கப் புகை. வயலில் அறுத்த நெல்தாள் கொளுத்துகிறவன் கொளுத்துகிறான். மனை பிரித்து விற்கிற புரோக்கர்கள் நாணல் புதரை ஆள் வைத்து வெட்டக் கூலி மிச்சம் என்று தீக்குச்சி உரசிவிட்டுப் போகிறார்கள். குப்பைமேடு தை மாதத்தில் பற்றியது, இன்னும் அணையவில்லை. காலையில் புளிச்சகீரையைப் பறித்தால் கை கறுப்பாகிறது. படகில் ஆறு தாண்டி யாங்கோனுக்குக் கொண்டுபோய் லத்தா சந்தையில் இறக்கினால், நம்மிடம் எப்போதும் கட்டு வாங்கும் அந்தச் சீனக் கிழவி மோந்து பார்த்துவிட்டு, "இது கீரையா, புகை போட்ட கருவாடா?" என்கிறாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. எனக்கே என் கீரையைத் தின்னப் பிடிக்கவில்லை.

வார்டு ஆபீஸ் ஆட்கள் வழக்கம்போல வந்தார்கள். வாசலில் எரிகிற கூரையை இழுத்துத் தள்ளத் தீக்கொக்கி இருக்கிறதா, தீயை அடிக்க மூங்கில் தட்டி இருக்கிறதா, மணல் மூட்டை இருக்கிறதா, வேலியில் தண்ணீர்ப் பைகள் தொங்குகின்றனவா என்று பார்த்தார்கள். எல்லாம் இருந்தன. தண்ணீர்ப் பைக்குள் கொசுப்புழு துள்ளுவதையும் பார்த்தார்கள். "நல்லா இருக்கு" என்று ஒரு டிக் போட்டுவிட்டுப் போனார்கள். குடிக்கத் தண்ணீர் இல்லாத வீட்டில் தீக்குத் தண்ணீர் கட்டித் தொங்கவிட்டிருக்கிறோம். காலை ஒன்பது முதல் மாலை நான்கு வரை அடுப்புப் பற்றவைக்கக் கூடாது என்று ஒலிபெருக்கி கத்திக்கொண்டே போகும்போதெல்லாம் உங்கள் குரல்தான் கேட்கிறது: "தீக்குத் தெரியுமாடி மணி ஒம்போதுன்னு?"

நம் குளத்தையும் சொல்கிறேன். நீங்கள் இருந்தபோது சித்திரையில் தெரிந்த அடிச்சேறு இப்போது மாசியிலேயே தெரிகிறது. பச்சைப் பாசியை ஒதுக்கிவிட்டுத்தான் மொள்ளுகிறோம். யாங்கோனிலிருந்து தண்ணீர் லாரியில் புண்ணியவான்கள் வருகிறார்கள். ஒரு குடம் ஊற்றி நாலு படம் எடுக்கிறார்கள். சிரிக்கச் சொல்கிறார்கள், மதினி. நானும் சிரித்தேன். குடம் நிறைய வேண்டுமே.

உங்களுக்கும் எனக்கும் ஒத்துப்போகும் என்று யாரும் நினைக்கவில்லை. புருஷனோடு வாழாமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அண்ணன் வீட்டுக்கு வந்த நாத்தனார் நான். அண்ணன் துறைமுக வேலையிலேயே போய்ச் சேர்ந்த பிறகு, ஒரு கூரையின் கீழ் மதினியும் நாத்தனாரும். ஆறு மாசம் தாங்காது என்றார்கள். நாம் இருபது வருஷம் சண்டை போட்டுக்கொண்டே தோட்டம் போட்டோம். பாத்திக்குத் தண்ணீர் பாய்ச்சுவதில் சண்டை, சுரைக்குப் பந்தல் உயரத்தில் சண்டை. தீக்கொக்கியை வைத்து நீங்கள் முருங்கைக்காய் பறிப்பதிலும் சண்டை. "கொக்கி வாசல்லதான் இருக்கணும்னு சட்டம்" என்பேன். "சட்டத்துக்குச் சாம்பார் வைக்கத் தெரியுமா?" என்பீர்கள்.

பங்குனியில் நம் மாரியம்மனுக்குத் தீமிதி. மறுநாள் விடியலில் குழிச்சாம்பலை வீட்டுக்கு ஒரு வாளி கொடுப்பார்கள். மற்றவர்கள் நெற்றிக்குப் பூசிக்கொண்டு மீதியைச் சாமி மாடத்தில் வைப்பார்கள். தோட்டக்காரர்களான நமக்கு அது மருந்தும்கூட. சுரை, பாகல், அவரை எல்லாவற்றின் இலையிலும் தூவினால் வண்டு அண்டாது. பனி ஈரம் காய்வதற்குள் தூவ வேண்டும், அப்போதுதான் ஒட்டும். தீமிதித்த மூன்று நாளைக்குள் குழி குளிர ஆத்தா ஒரு மழை அனுப்புவாள் என்பது டாலாத் தமிழர்களின் கணக்கு. அனுப்பவும் செய்தாள். என் சின்ன வயதில் ஒரு வருஷமும் தவறியதாக நினைவில்லை. அடிச்சாம்பலில் கனல் இருந்தாலும் பனியோ மழையோ பார்த்துக்கொள்ளும் என்ற நிம்மதியில், யாரும் வாளிக்குள் கை விட்டுப் பார்த்தது கிடையாது.

பிறகு பனி நின்றது. மழையும் நின்றது. காய்ந்த இலையில் தூவிய சாம்பல் காற்றோடு போயிற்று, ஆனாலும் தூவினோம். பழக்கம் மட்டும் நிற்கவில்லை. வெயில் தாங்காமல் வேர் வேகிறது என்று, பந்தலடி முழுக்க முழங்கால் உயரத்துக்கு வைக்கோல் பரப்பியதும் அந்த வருஷங்களில்தான். அது உங்கள் யோசனை, நல்ல யோசனை. ஈரம் தங்கியது, காய் பிடித்தது. அந்த வைக்கோல்தான் பிறகு எரிந்தது.

மூன்று வருஷம் முன்பு, தீமிதிக்கு மறுநாள் நீங்கள் கீரைக் கட்டுகளோடு விடிகாலைப் படகுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தீர்கள். சைக்கா ரிக்ஷாக்காரன் வாசலில் மணியடித்துக்கொண்டிருந்தான். நான் கோயிலிலிருந்து சாம்பலோடு வந்தேன். நம் இரும்பு வாளி ஓட்டை என்று பெயிண்ட் வாளியை எடுத்துப் போயிருந்தேன். வண்டியில் ஏறிய பிறகும் திரும்பிப் பார்த்துச் சொன்னீர்கள்: "வெறுந்தரையில வைடி. மூணு நாள் ஆறட்டும்." நான் "சரி, சரி" என்றேன். நீங்கள் தெரு திரும்பியதும் வாளியைப் பந்தலடிக்குக் கொண்டுபோய் வைக்கோல் மேல் வைத்தேன். மறுநாள் தூவக் கைக்கு வாட்டமாக இருக்கும் என்று. மேற்சாம்பல் வெதுவெதுப்பாகத்தான் இருந்தது. தெற்கே ஒரு மேகம் தெரிந்தது, பெய்யும் என்று நினைத்தேன். இவ்வளவுதான் நான் செய்தது. சோம்பல், கொஞ்சம் திமிர், ஒரு மேகம்.

நடுப்பகலில் வாளியின் அடி உருகிவிட்டது. நான் குளத்து வரிசையில் நின்றபோது யாரோ "மீ, மீ!" என்று பர்மிய மொழியில் கத்தினார்கள். தீ என்றதும் எல்லோரும் குப்பைமேட்டைப் பார்த்தார்கள். நான் நம் பந்தலைப் பார்த்தேன். நீங்கள் அப்போதுதான் படகிலிருந்து திரும்பி வந்திருந்தீர்கள். தீக்கொக்கி முருங்கைமரத்தில் தொங்கியது. அதை இழுத்துக்கொண்டு புகைக்குள் புகுந்து, எரிகிற மூங்கிலைக் கொத்திக் கொத்திக் கீழே தள்ளினீர்கள். சேலைத் தலைப்பை மூக்கில் கட்டக்கூட இல்லை. வேலியில் தொங்கிய தண்ணீர்ப் பைகளை அறுத்து வீசினார்கள். தீ அதைக் கண்டுகொள்ளவேயில்லை. நம் பந்தலும் நாற்றங்காலும் போயின, கிழக்கே இரண்டு குடிசைகள் போயின. ஆள் சேதம் இல்லை என்று அன்று மாலை எல்லோரும் ஆத்தாளைக் கும்பிட்டார்கள்.

இனிச் சொல்லப்போவது என் வாயில் வரும்போதே கசக்கிறது.

குளத்துக் கமிட்டி கூடியது. மேற்கே கோ மியோவின் வயல். அவன் இரண்டு நாள் முன்பு தாள் கொளுத்தியிருந்தான். "தண்ணி தெளிச்சு அணைச்சுட்டுத்தான் வந்தேன்" என்று அவன் பர்மிய மொழியில் திரும்பத் திரும்பச் சொன்னான். தலைவர் என்னைப் பார்த்து, "தோட்டம் உன்னோடது. தீ எந்தப் பக்கத்துலேருந்து வந்துச்சு?" என்று கேட்டார். நான் வாய் திறக்கவில்லை. கையை மேற்கே நீட்டினேன். பொய் சொல்லவில்லை, கையைத்தானே நீட்டினேன் என்று பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எவ்வளவு கேவலமான சமாதானம் பாருங்கள்.

அவனுக்குக் குளத்தில் வரிசை இல்லை என்று தீர்மானமாயிற்று. இனி கோடைக்குக் கோடை அவன் தூரக்குளத்திலிருந்துதான் கொண்டுவர வேண்டும். போக முக்கால் மணி நேரம், சுமந்து வர ஒரு மணி நேரம். தினம் காலையில் நாங்கள் வரிசையில் நிற்க, அவன் தோளில் தண்டும் இரண்டு பக்கமும் காலித் தகரமுமாக எங்களைத் தாண்டிப் போவான். வரிசையில் பேச்சு நிற்கும். அவன் போனதும் மறுபடி தொடங்கும்.

எரிந்த பந்தலைக் கூட்டியபோதுதான் நீங்கள் அந்தக் கம்பியை எடுத்திருக்க வேண்டும். அதற்குள் நான் இரண்டு முறை தேடிவிட்டேன், புதைப்பதற்கு. ஒரு காலையில் அடுப்பு மூட்டப் போனால் ஆணியில் தொங்குகிறது. நீங்கள் அரிசி களைந்துகொண்டிருந்தீர்கள். நிமிரவில்லை.

"சாம்பலை எங்கடி வச்ச?"

"வாசல்லதான், மதினி."

"சரி."

அதற்குப் பிறகு நீங்கள் கேட்கவேயில்லை. நம் பங்குத் தண்ணீரில் பாதியைத் தகரத்தில் ஊற்றி, தினமும் கோ மியோ வீட்டு வாசலில் வைத்துவிட்டு வந்தீர்கள். இருமிக்கொண்டே போவீர்கள், இருமிக்கொண்டே வருவீர்கள். "எதுக்கு இந்த வேண்டாத வேலை?" என்று நான் சண்டைகூடப் போட்டேன். வைகாசி மழை வந்ததும் குளம் நிறைந்தது, வரிசை முடிந்தது. ஆவணியில் நீங்கள் முடிந்தீர்கள். நெஞ்சு பழைய கோளாறு, புகையால் மட்டும் என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர். அந்த ஆறுதலை அவரே வைத்துக்கொள்ளட்டும்.

அதற்குப் பிறகு இது மூன்றாவது கோடை. ஒரு சொம்புத் தண்ணீர் நான் அவன் வாசலில் வைத்ததில்லை. வைத்தால், இவள் ஏன் வைக்கிறாள் என்று யாராவது யோசித்துவிடுவார்களோ என்ற பயம். உங்களுக்குத் திவசம் கொடுத்தேன், இலை போட்டேன், அப்பளம் பொரித்தேன். நீங்கள் செய்த ஒன்றை மட்டும் செய்யவில்லை.

இப்போது ஒன்பது நாளுக்கு முந்தைய காலை. தீமிதி முடிந்த மறுநாள். கோயில் தர்மகர்த்தா ராசு அண்ணன் வாசலுக்கே வந்து ஒரு வாளியை வைத்தார். வெள்ளைப் பெயிண்ட் வாளி.

"இந்தா தங்கச்சி, ஆத்தா சாம்பல். கொடிக்குத் தூவு. இந்த வருஷம் கட்டாயம் மழை வரும், பாரு."

அவர் பின்னால் புகையில் சூரியன் அழுகிய முட்டைக் கரு நிறத்தில் இருந்தது. வாளிக்குள் கையை விட்டேன். மேலே வெதுவெதுப்பு. இன்னும் ஆழமாக விட்டேன், சுட்டது. வெடுக்கென்று கையை எடுத்ததை அவர் பார்த்தார், சிரித்தார். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை, மதினி. மூன்று வருஷத்தில் இந்த ஊர் ஒன்றும் கற்றுக்கொள்ளவில்லை. எப்படிக் கற்றுக்கொள்ளும்? பாடத்தை நான்தானே ஒளித்து வைத்திருந்தேன்.

வேலியில் தொங்கிய தண்ணீர்ப் பைகளைக் கத்தியால் அறுத்து, ஒன்று விடாமல் வாளிக்குள் ஊற்றினேன். கொசுப்புழுவோடுதான். புஸ்ஸென்று ஆவி கிளம்பியது. அடியிலிருந்து அவ்வளவு சத்தம்.

"அடிப்பாவி! ஆத்தா தலையில அழுக்குத் தண்ணிய ஊத்துறியே!" என்று ராசு அண்ணன் அலறினார். எதிரே குளத்து வரிசை மொத்தமும் திரும்பியது.

நான் வரிசையைப் பார்த்துத் தமிழில் சொன்னேன், பிறகு பர்மிய மொழியிலும் சொன்னேன். "அந்த வருஷம் தீ வச்சது நான். இதே மாதிரி வாளிய வைக்கோல் மேல வச்சேன். கோ மியோ வைக்கல. எனக்கு அப்பவே தெரியும்." உள்ளே போய்க் கம்பியைக் கழற்றிக்கொண்டு வந்து காட்டினேன்.

பிறகு பேசினார்கள், என்ன பேசினார்கள் தெரியுமா? சாம்பலை நனைத்தது குற்றமா, பரிகாரம் என்ன என்று. "இப்ப எதுக்கு இதெல்லாம்? முடிஞ்சு போன கதை" என்றார் ஒருவர். குடிசை எரிந்த வீட்டுக்காரி மட்டும் என் காலடியில் காறித் துப்பினாள். அந்தக் கூட்டத்தில் ஒழுங்காக நடந்துகொண்டவள் அவள் ஒருத்திதான்.

அப்போதுதான் கோ மியோ தண்டைத் தோளில் வைத்துக்கொண்டு வழக்கமான வழியில் வந்தான். நான் குறுக்கே போய் நின்றேன். எல்லாவற்றையும் திரும்பச் சொன்னேன். அவன் தகரங்களைக் கீழே வைக்கவில்லை.

"தெரியும், அமா. உங்க மதினி அந்தக் கோடையிலேயே சொல்லிட்டாங்க."

எப்போதும்போல அமா, அக்கா, என்றுதான் கூப்பிட்டான்.

"தண்ணி கொண்டுவந்த மொத நாளே சொன்னாங்க. தீ எங்க வீட்டுலேருந்துதான் வந்துச்சு, அவளே வந்து சொல்லுவா, அதுவரைக்கும் பொறுத்துக்கோன்னாங்க. நல்ல மனுஷி, பேச்சைத் தட்ட முடியல. அப்புறம் அவங்க போயிட்டாங்க. நான் சொன்னா யாரு நம்புவா?" தண்டைத் தோள் மாற்றிக்கொண்டான். "மூணு கோடை, அமா."

எதற்கெடுத்தாலும் பர்மியர்கள் சொல்லும் அந்த 'யபாதே', பரவாயில்லை என்கிற வார்த்தையை அவன் சொல்லவில்லை. நம் குளத்தைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் தூரக்குளத்துக்கே போனான்.

உண்மையைச் சொல்கிறேன், மதினி, அன்று உங்கள் மேலும் எனக்கு அருவருப்பு வந்தது. என்னை யோக்கியமானவளாக்கிப் பார்க்க ஆசைப்பட்டீர்கள், சரி. அதற்கு அவன் தோளா தேய வேண்டும்? கமிட்டியில் போய் ஒரு வார்த்தை நீங்களே சொல்லியிருக்கக் கூடாதா? என் மானம் அப்படி என்ன பெரிய பொருள்? நாம் போட்ட சண்டைகளிலேயே இதுதான் பெரிய சண்டை. பதில் பேச நீங்கள் இல்லை என்பதால் நான் ஜெயித்ததாக ஆகாது. நீங்கள் நாள் குறித்து வைத்துக் காத்திருக்கவில்லை. நான் அடுத்த வாரம் சொல்வேன், அதற்கடுத்த வாரம் சொல்வேன் என்று நம்பியிருப்பீர்கள். ஆவணி இவ்வளவு சீக்கிரம் வரும் என்று உங்களுக்கும் தெரியாதுதான்.

கோ மியோவுக்கு வரிசையைத் திருப்பிக் கொடுப்பது பற்றிக் கூட்டம் போட்டுப் பேச வேண்டுமாம். சித்திரை கழியட்டும் என்கிறார்கள். என் வரிசையை எடுக்க அவர்களுக்குக் கூட்டம் தேவைப்படவில்லை. மறுநாளே எடுத்துவிட்டார்கள்.

ஆகவே உங்கள் பழைய தண்டை எடுத்துத் துடைத்து, நானும் தூரக்குளத்துக்குப் போகிறேன். போக முக்கால் மணி என்று அவ்வளவு காலம் லேசாகச் சொல்லிக்கொண்டிருந்தோம், தோளுக்குத்தான் அதன் நீளம் தெரிகிறது. வழியெல்லாம் கரிந்த புல். செருப்பில் கரி ஒட்டுகிறது. முன்னால் எங்கோ கோ மியோ போவான். நான் எட்டிப் பிடிக்க முயல்வதில்லை, அவன் நிற்பதுமில்லை. கீரைப் பாத்தி பாதிக்கு மேல் காய்ந்துவிட்டது. சுரையை மட்டும் காப்பாற்றப் பார்க்கிறேன். வைக்கோல் போடவில்லை, சாம்பல் தூவவில்லை. வண்டு தின்கிறது, தின்னட்டும்.

இரண்டு தகரம் கொண்டுவருகிறேன். ஒன்று எனக்கும் சுரைக்கும். மற்றது கோ மியோ வாசலுக்கு. அந்தத் தகரத்துக்குப் பிடி இல்லாமல் இருந்தது, நம் கம்பியைத்தான் வளைத்து மாட்டியிருக்கிறேன். அதற்காகத்தான் இத்தனை தேய்ப்பும். ஏழு நாளும் வைத்த தகரம் வைத்தபடியே இருந்தது. தண்ணீர் மேல் புகைக்கரி படலமாகப் படிந்திருக்கும். மறுநாள் காலையில் அதைத் தூக்கிவந்து சுரைக்கு ஊற்றிவிட்டு, மறுபடி நிரப்பிக் கொண்டுபோய் வைப்பேன்.

இன்று காலை போனபோது தகரம் காலியாக, வேலியோரம் கவிழ்த்து வைத்திருந்தது. கம்பி ஒரு பக்கமாக மடங்கிக் கிடந்தது. குடித்தார்களா, கீழே கொட்டினார்களா என்று குனிந்து தரையைத் தொட்டுப் பார்த்தேன். தரை காய்ந்திருந்தது. இந்த வெயிலில் கொட்டியிருந்தாலும் காய்ந்துதான் போயிருக்கும்.

தகரத்தை எடுத்துவந்துவிட்டேன், மதினி. நாளைக்கும் நிரப்பி வைப்பேன்.